அளவுகோலைப் பொதுவில் வையுங்கள்

ஆறாம் ஆண்டில் பையனை வைத்திருக்கும் மாக் மண்டின் பெற்றோர் ஒருவர் இன்று கேட்கும் கேள்வி எளிமையானது: "பினாங்கு பிரி ஸ்கூல்ல இடம் கிடைக்க என்ன வேணும்?" 2019 வரை இதற்குப் பதில் சொல்ல யாரும் யோசிக்கவில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவன் தைரியமாக விண்ணப்பிக்கலாம். ஒன்றிரண்டு குறைந்தவன் முயன்று பார்க்கலாம். மற்றவர்களுக்குப் பக்கத்துப் பள்ளி. பதில் கடுமையாக இருந்தது, ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. இப்போது வகுப்பாசிரியரிடம் கேட்டால் ஒரு பதில், கல்வி அலுவலகத்தில் கேட்டால் ஒரு பதில், அங்கே மகனைப் படிக்கவைத்த அண்டை வீட்டுக்காரரிடம் கேட்டால் வேறொரு பதில்.

கோவிட் பெருந்தொற்றால் 2020-ல் யூ.பி.எஸ்.ஆர். நடக்கவில்லை. 2021 ஏப்ரலில் அதைக் கல்வி அமைச்சு முற்றாகவே நீக்கியது. மறு ஆண்டு படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வும் போனது. பன்னிரண்டு வயதுக் குழந்தையின் தலையில் ஒரு பொதுத்தேர்வை ஏற்றவேண்டாம் என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆனால் தேர்வு போனபிறகும் மாணவரைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளிகள் அப்படியே இருக்கின்றன. முழு வசதித் தங்கும் பள்ளிகள், கிளஸ்டர் பள்ளிகள், உயர் அடைவுநிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இருக்கும் இடத்தைவிடக் கேட்பவர் கூட்டம் அதிகம். யாரோ ஒருவர் யாரையோ தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும். எதை வைத்து என்று அவர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்பதே என் கோரிக்கை.

முதல் தமிழ் வகுப்பு நடந்த பள்ளி

இப்படித் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளிகளில் பினாங்கு பிரி ஸ்கூலை உதாரணமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. 1816 அக்டோபர் 21-ஆம் நாள் ஆங்கிலேயப் பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் தொடங்கிய பள்ளி அது. தென்கிழக்காசியாவின் முதல் ஆங்கிலப் பள்ளி. இனம், மதம் பார்க்காமல், ஏழைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வது என்ற கொள்கையோடு தொடங்கியது. அதன் அங்கமாக நடத்தப்பட்ட தமிழ் வகுப்பைத்தான் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். 2016-ல் இருநூறு ஆண்டு நிறைவை நாம் கொண்டாடியது அந்த வகுப்பைக் கணக்கில் வைத்துத்தான். ஆதரவு இல்லாமல் அது நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு அந்தப் பள்ளி வளர்ந்த கதை பலருக்கும் தெரியும். 1821-ல் பார்குவார் தெருவுக்குப் போனது. அங்கே பின்னர் எழுந்த கட்டடத்தில்தான் மாநில அருங்காட்சியகம் அமைந்தது. 1928-ல் கிரீன் லேனுக்கு, அதாவது இன்றைய ஜாலான் மஸ்ஜிட் நெகிரிக்கு இடம்பெயர்ந்தது. காலனி அரசு 1885-ல் அறிமுகப்படுத்திய ராணி உபகாரச் சம்பளம் அதன் மாணவர்களை இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. 1896-ல் அதைப் பெற்று கேம்பிரிட்ஜ் சென்ற வு லியென் தே பின்னாளில் மஞ்சூரியாவில் கொள்ளைநோயை எதிர்த்து நின்று உலகப் புகழ் பெற்றார். துங்கு அப்துல் ரஹ்மானும் பி.ரம்லியும் அங்கே படித்தவர்கள். ஒரு பள்ளியின் பெயர் தலைமுறை தலைமுறையாக நிற்க இது போதும். மாக் மண்டின் தகப்பன் ஒருவர் மகனை அங்கே அனுப்ப ஆசைப்படுவதும் இதனால்தான்.

பள்ளி இருப்பது தீவில். மாக் மண்டின் பெருநிலத்தில், பட்டர்வொர்த்தை ஒட்டி இருக்கிறது. 1960-களில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஊரின் நேரத்தை ஆலைச் சங்குதான் வகுத்தது. பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. ஷிப்டு வேலை, ஒப்பந்த வேலை, லாரி, கிடங்கு என்று உழைக்கும் குடும்பங்களில் ஒரு பையன் தீவுக்குப் படிக்கப் போகிறான் என்றால் விடியும்முன் எழுந்து பெரியையோ பாலத்தையோ பிடிக்கவேண்டும். அந்தச் சிரமத்துக்குத் தயாராக இருப்பவர்களிடம் முதலில் சொல்லவேண்டியது விதிமுறை.

பழைய தேர்வு கெடுத்ததும் கொடுத்ததும்

யூ.பி.எஸ்.ஆரை எண்ணி ஏங்குபவர்கள் அதன் கெடுதியை மறந்துவிடுகிறார்கள். 1988-ல் தொடங்கிய அந்தத் தேர்வு காலப்போக்கில் ஆறாம் ஆண்டு முழுவதையும் விழுங்கியது. பயிற்சி நூல்கள், சனிக்கிழமை வகுப்பு, இரவு வகுப்பு, தேர்வு வழிகாட்டிக் கருத்தரங்கு என்று பிள்ளைகள் ஓடினார்கள். முடிவு வந்தால் பள்ளி வாசலில் பதாகை. அதில் இத்தனை பேர் ஏழு ஏ, இத்தனை பேர் எட்டு ஏ. பதாகையில் இல்லாத பிள்ளைகள் அன்று எந்த வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளோடு 2016-ல் புதிய வடிவம் வந்தபோது நாடு முழுவதும் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கினார்கள். பிள்ளைகளின் அறிவு ஒரே ஆண்டில் மங்கிப்போகவில்லை. மனப்பாடத்துக்கு முன்பு கிடைத்த ஏ எவ்வளவு என்பது அப்போதுதான் தெரிந்தது.

தமிழ்ப்பள்ளிக்கு இன்னொரு சுமையும் இருந்தது. அந்தப் புதிய வடிவத்தில் தேசியப் பள்ளி மாணவன் ஆறு தாள் எழுதினால் நம் மாணவன் எட்டு தாள் எழுதினான். எல்லாவற்றிலும் ஏ என்ற தகுதியை எட்ட அவன் இரண்டு படி கூடுதலாக ஏறவேண்டியிருந்தது.

இவ்வளவு குறை இருந்தும் அந்தத் தேர்விடம் ஒரு நியாயம் இருந்தது. விடைத்தாளில் இருந்தது எண். பையன் எந்தத் தெருவில் வசிக்கிறான், அப்பா என்ன வேலை செய்கிறார், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பது திருத்தும் ஆசிரியருக்குத் தெரியாது. மாக் மண்டினில் எடுத்த ஏயும் கிரீன் லேன் பங்களாவில் எடுத்த ஏயும் ஒரே ஏ. மறுக்கப்பட்டவன் ஏன் மறுக்கப்பட்டான் என்று அவனுக்கே தெரியும். அந்த நியாயத்துக்குப் பதிலாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்போம்.

புதிய தகுதிகள் யாருக்குச் சாதகம்?

இப்போது ஆறாம் ஆண்டு முடியும்போது மாணவன் கையில் இருப்பது பள்ளியே தரும் வகுப்புசார் மதிப்பீடு. ஒவ்வொரு பாடத்திலும் ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலை. அதோடு கல்வியாண்டு இறுதித் தேர்வு, புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்கள். தங்கும் பள்ளிகள், சமயப் பள்ளிகள் போன்றவற்றுக்குத் தனி நுழைவு மதிப்பீடு உண்டு. உயர் அடைவுநிலைப் பள்ளிகளுக்கு மாணவர் சேர்க்கையில் ஓரளவு தன்னுரிமை தரப்பட்டிருக்கிறது. பல இடங்களில் நேர்காணலும் சேர்ந்துகொள்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு தாளை நம்பாமல் முழு மாணவனையும் பார்க்கிறார்கள் என்று அமைச்சு சொல்லலாம்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அடைவுநிலையை இடுவது வகுப்பாசிரியர். ஒரு பள்ளியின் ஐந்தும் இன்னொரு பள்ளியின் ஐந்தும் ஒன்றா என்று ஒப்பிடப் பொதுவான தாள் இல்லை. கண்டிப்பான ஆசிரியரிடம் படித்தவனுக்கு நான்கு. தாராளமான ஆசிரியரிடம் படித்தவனுக்கு ஆறு. நேர்மையான பள்ளிதான் இதில் தோற்கும். புறப்பாடச் சான்றிதழ் என்று எடுத்தால் ரோபோட்டிக் போட்டிக்குக் கருவி வேண்டும், சதுரங்கத்துக்குப் பயிற்சியாளர் வேண்டும், மாநில அளவில் ஓட வாகனம் வேண்டும், சனிக்கிழமை காலை வேலைக்குப் போகாத ஒரு பெற்றோர் வேண்டும். ஆற்றல் இருந்தும் சான்றிதழ் இல்லாத பையன்கள் தொழிலாளர் குடியிருப்புகளில் நிறைய இருக்கிறார்கள்.

நேர்காணல் இன்னும் நுட்பமான வேலி. ஆறு ஆண்டு கணிதத்தையும் பிற பாடங்களையும் தமிழில் சிந்தித்துப் பழகிய பன்னிரண்டு வயதுப் பையனை மூன்று அந்நியர் முன் உட்காரவைத்து மலாயிலோ ஆங்கிலத்திலோ உன்னைப் பற்றிச் சொல் என்றால் அவன் திக்குவான். வீட்டில் ஆங்கிலம் பேசும் மருத்துவர் மகன் புன்னகைத்துக்கொண்டே சொல்வான். கேட்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இரண்டாமவனைத்தான் 'தன்னம்பிக்கை உள்ளவன்' என்று குறித்துக்கொள்வார். இனவேறுபாடு பார்க்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பேச்சு வளத்தை அறிவாற்றலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எல்லா இனத்து ஏழைகளையும் வெளியே நிறுத்தும். கம்போங் மலாய்ப் பையனும் சந்தைக் கடைக்காரரின் சீனப் பையனும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் தகவல் என்ற ஒன்று இருக்கிறது. எப்போது விண்ணப்பம் திறக்கிறது, எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு, மேல்முறையீட்டை எப்படி எழுதுவது என்பதெல்லாம் பழைய மாணவர் குடும்பங்களில் காபி மேசையில் கிடைக்கும். தன் குடும்பத்தில் முதல்முறையாக அங்கே விண்ணப்பிப்பவனுக்கு அறிவிப்பு கண்ணில் படும்போது கடைசி நாள் கடந்திருக்கும். விதி எழுத்தில் இல்லாத இடத்தில் பழக்கம் உள்ளவன்தான் முன்னே போவான்.

பள்ளிகள் அறிவிப்பு வெளியிடுவதில்லை என்பதல்ல என் புகார். எதற்கு எத்தனை புள்ளி, கடைசியாக உள்ளே போனவனின் புள்ளி எவ்வளவு, வந்த விண்ணப்பங்கள் எத்தனை என்பவை எல்லாருக்கும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி கிடைப்பதில்லை. இதற்குத் தனித்தனிப் பள்ளி முதல்வர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தன்னுரிமை கொடுத்த அமைச்சுதான் அதோடு சேர்த்துக் கணக்கு காட்டும் கடமையையும் கொடுத்திருக்கவேண்டும்.

நல்ல முடிவு யாருடைய சாதனை?

படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்தவுடன் பள்ளிச் சராசரித் தரத்தைப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஏ பிளஸுக்குப் பூஜ்யம், தோல்விக்கு ஒன்பது. எண் குறையக் குறையப் பள்ளி உயர்வு. நாட்டின் சராசரி 2021-ல் 4.86, 2023-ல் 4.60, 2024-ல் 4.49 என்று மேம்பட்டு வந்திருக்கிறது. தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளியின் எண் இதைவிட நன்றாக இருப்பதில் வியப்பில்லை. நெல்லைப் புடைத்து மணியை மட்டும் மூட்டை கட்டியவன் தன் மூட்டை கனமாக இருக்கிறது என்று பெருமைப்படலாம். விளைச்சலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இதை ஆய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் புகழ்பெற்ற நுழைவுத்தேர்வுப் பள்ளிகளை வைத்து அட்டிலா அப்துல்காதிரோக்லு, ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பதக் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்ரிஸ்ட் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். அவர்கள் எடுத்துக்கொண்டது நுழைவு மதிப்பெண் கோட்டின் இரு புறமும் நின்ற மாணவர்களை: மயிரிழையில் உள்ளே போனவர்கள், மயிரிழையில் வெளியே நின்றவர்கள். இருவரும் ஏறக்குறைய ஒரே திறமை உள்ளவர்கள். சில ஆண்டு கழித்துத் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு எதுவும் தென்படவில்லை. புகழ்பெற்ற பள்ளியின் ஒளியில் பெரும்பகுதி உள்ளே வந்த மாணவர்கள் கொண்டுவந்த ஒளி.

அமெரிக்க முடிவை அப்படியே பினாங்கில் ஒட்டமுடியாது. மதிப்பெண்ணில் தெரியாத பலன்களும் உண்டு: நல்ல ஆய்வுக்கூடம், விவாத மேடை, பிற இனத்து நண்பர்கள், நாற்பது வயதில் கைகொடுக்கும் பழைய மாணவர் தொடர்பு. ஏழைக் குடும்பத்துப் பையனுக்கு இவை வேறெங்கும் கிடைக்காது. ஆகவே நான் எடுத்துக்கொள்ளும் பாடங்கள் இரண்டு. இடம் கிடைக்காத பையனின் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. பக்கத்துப் பள்ளியில் படித்தும் அவன் அதே மதிப்பெண் எடுக்கக்கூடும். கிடைத்தால் அதிகப் பலன் பெறப்போவது யார் என்றால், வீட்டில் எதுவும் இல்லாதவன். அவனைத்தான் இன்றைய முறை வாசலில் நிறுத்துகிறது.

பையன்கள் விஷயத்தில் இது கூடுதல் அவசரம். பொதுப் பல்கலைக்கழகங்களில் பத்தில் ஆறு பேர் பெண்கள். 2013-ல் வந்த மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டமே பின்தங்கும் ஆண்பிள்ளைகளைத் தனிப் பிரச்சினையாகக் குறிப்பிட்டது. மலாய்மொழியில் குறைந்த அடைவு பெற்றதால் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்காரும் தமிழ்ப் பையன் தன் வயதொத்தவர்கள் படிவம் ஒன்றில் இருப்பதைப் பார்த்தபடி தொடங்குகிறான். பள்ளியைப் பாதியில் விடும் எண்ணம் அங்கேயே முளைக்கிறது. நம் பையன்களுக்கு எட்டிப் பிடிக்க ஒரு குறி தேவை. அந்தக் குறி எங்கே இருக்கிறது என்றாவது அவர்களுக்குத் தெரியவேண்டும்.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

ஜொகூர் கடல்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் ஆறாம் வகுப்புப் பொதுத்தேர்வு இன்னும் இருக்கிறது. 2021-ல் அதன் மதிப்பிடும் முறையை மாற்றி நுணுக்க வேறுபாடுகளைக் குறைத்தார்கள். ஒவ்வொரு உயர்நிலைப்பள்ளியிலும் முந்தைய ஆண்டு சேர்ந்தவர்களின் மதிப்பெண் எல்லையைக் கல்வி அமைச்சு வெளியிடுகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருக்கும் ஒரு துப்புரவுத் தொழிலாளியும் கைப்பேசியில் ராபிள்ஸ் பள்ளியின் எல்லையைப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கிராமர் பள்ளிகள் 163 எஞ்சியிருக்கின்றன. பதினொரு வயதில் எழுதும் தேர்வே வாசல். பொதுத்தேர்வு இருந்தால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அங்கே நடப்பதைக் கவனிக்கவேண்டும்: 2013-ல் வந்த ஓர் அறிக்கையின்படி அப்பள்ளிகளில் சேர்ந்தவர்களில் இலவச உணவுக்குத் தகுதியுள்ள ஏழைப் பிள்ளைகள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. டியூஷனுக்குப் பணம் உள்ளவர்கள் வாசலை அடைத்துக்கொண்டார்கள். அதைக் கண்டபின் பர்மிங்ஹாமின் கிங் எட்வர்ட் பள்ளிகள் வறிய பின்னணி மாணவர்களுக்கு ஒரு பகுதி இடங்களை ஒதுக்கித் தகுதி மதிப்பெண்ணையும் தளர்த்தின.

தமிழ்நாட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு கட்டாயமானபிறகு அரசுப் பள்ளி மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கினார்கள். 2020-ல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமானது. அதன்பின் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானோர் உள்ளே வந்தார்கள். அவர்களும் அதே நுழைவுத்தேர்வில் தேறியவர்கள்தான். வாய்ப்பில்லாத பள்ளியிலிருந்து வந்தவனை வாய்ப்புள்ளவனோடு அதே வரிசையில் நிறுத்துவதை மட்டும் நிறுத்தினார்கள்.

என்ன செய்யவேண்டும்?

யூ.பி.எஸ்.ஆரை மீட்டுக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்பவர்களின் மனக்குறை எனக்குப் புரிகிறது. தேர்வு திரும்பினால் பதாகையும் இரவு வகுப்பும் அதோடு திரும்பும். தேவை வேறு.

முதலாவது, தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ஒவ்வொரு பள்ளியும் அளவுகோலை ஆண்டின் தொடக்கத்திலேயே நான்கு மொழிகளிலும் வெளியிடட்டும். படிப்புக்கு எத்தனை புள்ளி, புறப்பாடத்துக்கு எத்தனை, நேர்காணலுக்கு எத்தனை என்று எழுதிவைக்கட்டும். நேர்காணலின் பங்கு சிறிதாக இருக்கட்டும்.

இரண்டாவது, சேர்க்கை முடிந்ததும் கணக்கு வெளிவரட்டும். தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றிலிருந்தும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்தினர் எத்தனை பேர் என்ற எண்கள் போதும். எந்தப் பிள்ளையின் பெயரும் தேவையில்லை. நம்மவர்களை ஒதுக்குகிறார்கள் என்ற கோபமும், நம்மவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை என்ற அலுப்பும் இப்போது ஆதாரமில்லாமல் மோதிக்கொள்கின்றன. எண் வந்தால் எது உண்மை என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு பங்கு இடம். இனத்தை வைத்து அல்ல, வருமானத்தை வைத்து. தீவுக்கு வெளியிலிருந்து வருபவனுக்குப் போக்குவரத்துச் செலவும் சேர்த்து.

நான்காவது, பள்ளியை அளக்கும்போது உள்ளே வந்த நிலையிலிருந்து மாணவன் எவ்வளவு உயர்ந்தான் என்று அளக்கட்டும். அப்படி அளந்தால் புகுமுக வகுப்பிலிருந்து வந்த பையனை எஸ்.பி.எம்.மில் ஐந்து கிரெடிட் எடுக்கவைத்த பட்டர்வொர்த் பள்ளி ஒன்று மேலே வரக்கூடும். அந்த ஆசிரியர்களுக்கும் ஒரு கைத்தட்டல் கிடைக்கட்டும்.

இதில் தமிழுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு வேண்டுமென்றால் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்கவேண்டும். ஒரு பள்ளியில் தமிழ்ப் பையன்கள் பத்துப் பேர் மட்டும் சேர்ந்தால் அங்கே தமிழ் வகுப்பைக் கேட்கும் உரிமையே வலுவிழந்துவிடும். எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் குறைக்க முயன்றபோது தமிழும் தமிழ் இலக்கியமும் எடுக்கும் வாய்ப்புக்காகப் போராடிப் பன்னிரண்டு என்ற அனுமதியைப் பெற்ற சமூகம் நாம். அதே அக்கறையைப் படிவம் ஒன்றின் சேர்க்கையிலும் காட்டவேண்டும். ஐந்தாண்டு கழித்துத் தேர்வறையில் எத்தனை பேர் தமிழ் எழுதுவார்கள் என்பது அங்கேதான் முடிவாகிறது.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஐந்தாம் ஆண்டிலிருந்தே விண்ணப்ப வழிகாட்டலைத் தொடங்கலாம். தேசிய மொழியில் பேசிப் பழக வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அந்தப் பள்ளிகளில் படித்து முன்னேறிய தமிழர்கள் கோயில் திருவிழாவுக்குத் தரும் நன்கொடையில் சிறு பகுதியை ஒரு பையனின் பெரிக் கட்டணத்துக்குத் தரலாம். சேர்க்கை எண்களைக் கேட்டுச் சட்டமன்ற உறுப்பினர்கள் கடிதம் எழுதலாம்.

அளவுகோலை வெளியிட்டால் பெற்றோர் அதையே குறிவைத்துப் பிள்ளைகளைத் தயாரிப்பார்கள், பழைய நோய் திரும்பும் என்று ஒரு மறுப்பு வரும். அதில் உண்மை உண்டு. ஆனால் பணமுள்ளவர்கள் இப்போதும் தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதற்குத் தயாரிக்கவேண்டும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிவிடுகிறார்கள். விதியை மறைப்பதால் போட்டி குறைவதில்லை, போட்டியாளர்கள்தான் குறைகிறார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று கேட்கும் பள்ளி, தேர்ந்தெடுக்காமல் விட்டவனுக்குக் காரணம் சொல்லும் கடமையையும் ஏற்கவேண்டும். வரும் கல்வியாண்டின் விண்ணப்பம் திறக்கும்முன் அமைச்சு இதைச் செய்யலாம். ஒரு சுற்றறிக்கை போதும்.